லே என்றால் யாருக்கு?

அக்கா,

இன்று மதியம் மலைப்பாதையின் மேல்வளைவில் அந்த வாடை வந்தது. மழையில் ஊறிய தோலும் சாணமும் மிதிபட்ட தேயிலையும் கலந்த வாடை. காட்டெருமை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். பனிமூட்டத்தில் எதிரே இருந்த சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. கையில் போன் இருந்தது. கால் நகர மறுத்தது. வாய் மட்டும் தானாக ஒரு வாக்கியம் சொன்னது: "மே தா மியேதோ." எனக்குப் பயமாக இருக்கிறது.

காலமெல்லாம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஒருத்தி, பயம் வந்த நேரத்தில் ஸ்பானிய மொழியில் பேசுகிறாள் என்றால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அங்கே நின்றபடியே உங்கள் பழைய கேள்வியும் காதில் கேட்டது.

"ஏனுங்க டீச்சர், இந்த 'லே'ன்னா யாருக்குங்க?"

அரவேணுவில் உங்கள் நூல் கடையில், கம்பளி நூல் உருண்டைகளுக்கு நடுவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டீர்கள். போன் ஸ்பானிய மொழிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. ஸ்பெயினுக்கு வேலைக்குப் போன உங்கள் மகள் அந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டு, அப்போது முழுகாமல் இருந்தார். சம்பந்தியம்மாவுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பேரக்குழந்தையைக் கொஞ்சுவதற்காக நீங்கள் மொழி படிப்பதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். என்னிடம்தான் உண்மையைச் சொன்னீர்கள். "புள்ளை அவிய ஊட்டுல இருக்குது டீச்சர். ஏதாச்சும் ஒண்ணுன்னா அவியதான் போன் பண்ணுவாங்க. அந்த நேரத்துல எனக்குப் புரியலைன்னா?"

பயத்தில் படிக்கிறவரைத் தனியாக விட மனம் வரவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. வாத்தியார் போன்தான்.

"லேன்னா அவனுக்குன்னும் வரும், அவளுக்குன்னும் வரும், உங்களுக்குன்னும் வருங்கக்கா" என்று நான் படித்ததைச் சொன்னேன்.

"அதெப்படிங்க? 'லே'வுக்கு ஒடம்பு சரியில்லைன்னு ஒருத்தரு வந்து சொன்னா, நான் யாரைப் பாக்க ஓடறது?"

சிரித்தோம். நூல் வாங்க வந்திருந்த எஸ்டேட் பெண்ணும் புரியாமலே சேர்ந்து சிரித்தார். அந்தக் கேள்வி ஒருநாள் நம் இருவரையும் மழையில் மேடேற வைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

போனில் விளக்கம் ஆங்கிலத்தில் வந்தது. நீண்ட பெயர் ஏதோ சொல்லி உங்களை மிரட்டியது. எனக்கோ அது பழகிய முகம். "இது நம்ம நான்காம் வேற்றுமைங்கக்கா. எனக்கு, உனக்கு, அவருக்குன்னு ஒரு 'கு' ஒட்டுறோமே, அதேதான்" என்றேன். மே என்றால் எனக்கு. தே என்றால் உனக்கு. நோஸ் என்றால் நமக்கு. ஆங்கிலத்தில் தலைவலியை 'நான் வைத்திருக்கிறேன்' என்பார்கள், ஏதோ பையில் போட்டு வைத்திருப்பது போல. ஸ்பெயின்காரர் நம்மைப் போலத்தான் சொல்கிறார். மே துவேலே லா கபேஸா, எனக்குத் தலை வலிக்கிறது. மே குஸ்தா, எனக்குப் பிடிக்கும். மே தா மியேதோ, அது எனக்குப் பயத்தைக் கொடுக்கிறது. வலியும் பிரியமும் பயமும் நாம் செய்கிற வேலைகள் இல்லை, நமக்கு வந்து சேருபவை. இரண்டு மொழிக்கும் இதில் ஒரே புத்தி.

நீங்கள் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "வர்றது நமக்குன்னு எழுதியே வச்சுட்டாங்க. அப்பறம் தள்ளிவிட முடியுமா?"

தேயிலைக்கு நடுவே குடியிருப்பவர்களுக்கென்றே அந்த மொழியில் ஒரு வேடிக்கை இருந்தது. உனக்கு என்றாலும் தே, டீ என்றாலும் தே. எழுதும்போது ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். 'தே தோய் தே' என்றால் உனக்கு டீ தருகிறேன். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் கடைக்குள் நுழைந்ததும் பிளாஸ்கைத் தூக்கிக் காட்டி "தே தே தே" என்பீர்கள். "நடுவுல வினைச்சொல்லைக் காணோமே" என்று நான் திருத்துவேன். "டீ இருக்குது, குடிக்க ஆளு இருக்குது, வினை எதுக்குங்க?" என்பீர்கள்.

'தம்பியேன்' என்ற சொல்லையும் நீங்கள் விடவில்லை. 'கூட' என்று பொருள். எனக்கும்தான் என்று சொல்ல 'அ மீ தம்பியேன்' என்பார்கள். "எனக்கும்னு சொல்றதுக்கு எதுக்குங்க தம்பியக் கூப்புடறாங்க? தம்பி, ஏன்? தம்பி, ஏன்?" என்று நீங்கள் இழுத்ததில் எனக்குப் புரையேறியது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தீர்கள். சம்பந்தியம்மா முதல் வாரமே சொல்லிவிட்டார், மரியாதை வேண்டாம், 'தே' என்றே பேசுங்கள் என்று. குடும்பத்துக்குள் 'உனக்கு' போதும், அதுதான் அவர்களுக்கு அன்பு. நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பொண்ணு கொடுத்த எடத்துல போயி உனக்குங்கறதா? நல்லா இருக்குதுங்க நாயம்!" நீங்கள் 'லே' என்றே பேசினீர்கள். இவ்வளவு மரியாதை கொடுப்பவருக்குத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடியாதே என்று அந்த அம்மாளும் 'லே'வுக்கு மாறினார். என்னிடம் பேசும்போதும் அப்படியே. யோசித்துப் பார்த்தால், நம் ஊர் மரியாதைதான் வம்பை விலைக்கு வாங்கியது. 'தே' என்று பேசியிருந்தால், 'லே' என்ற சொல் வரும்போதெல்லாம் அது நம்மை அல்ல, மூன்றாவது ஒருவரை என்று தெளிவாகத் தெரிந்திருக்கும்.

நம்மை மேடேற வைத்த அந்த மதியம் வந்தது. ரெண்டு நாளாக விடாத மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றிருந்தது. கரண்ட் இல்லை. மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று காலையிலேயே செய்தி வந்திருந்ததால், கடையைப் பாதி சாத்திவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பாதியில் சிக்னல் அறுந்துபோனது. கேட்ட வரைக்கும் இரண்டு துண்டுகள்தான் புரிந்தன. ஒன்று, 'நீஞா', பெண் குழந்தை. இன்னொன்று, 'லே ஆன் புவெஸ்தோ ஒக்ஸீஹெனோ'.

அந்தக் கடைசிச் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. ஆக்ஸிஜன். லேக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "யாருக்குங்க டீச்சர்?"

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு முறையும் 'லே' என்றுதான் வந்தது. அந்த ஓரெழுத்துக்குள் உங்கள் மகளும் இருந்தார், பிறந்து கண் விழிக்காத குழந்தையும் இருந்தது. சந்தேகம் வந்தால் 'அ எல்யா' என்று சேர்த்துக் கேட்கலாம், அவளுக்கா என்று. அதுதானே பாடம்? ஆனால் இரண்டு பேரும் பெண். அவளுக்கா என்று கேட்டால் எந்த அவளுக்கு? படித்ததெல்லாம் கைவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில் ஒரு சொல் ஞாபகம் வந்தது. "'அ கியேன்'னு கேக்கலாங்கக்கா. யாருக்குன்னு அர்த்தம். மேல்வளைவுக்குப் போனா சிக்னல் கிடைக்கும்."

குடை காற்றில் மடங்கியது, விட்டுவிட்டோம். உங்களுக்கு முழங்கால் வலி, எனக்கு மூச்சு வாங்கியது. வளைவை நெருங்கும்போது வாடை வந்தது. பாதையோரத் தேயிலைக்குள் ஒற்றைக் காட்டெருமை. வெள்ளைக் காலுறை போட்டது போல நாலு கால், அதற்கு மேல் ஒரு கறுத்த மதில். மூக்கிலிருந்து ஆவி வந்தது. ஓடக் கூடாது என்று இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நின்றால் சிக்னல் வராது, போனால் உயிர் போகும். நான் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் அதன் முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி நின்று, மெல்லிய குரலில் பேசினீர்கள். "ஏனுங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிக்கறீங்களா? ஒரு போன் பேசணுங்க."

காட்டெருமைக்கும் 'லே'தான் உங்களுக்கு. அது ஒருமுறை சீறிவிட்டு, அவசரமே இல்லாமல், தேயிலையை மிதித்துக்கொண்டு கீழே இறங்கியது.

போனில் சிக்னல் கோடு ஏறியது. அடித்தீர்கள். சம்பந்தியம்மா எடுத்து எப்போதும்போல "தீகமே" என்றார். அதற்கு 'எனக்குச் சொல்லுங்கள்' என்று அர்த்தம், அதிலும் ஒரு 'மே' ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாமும் போனை எடுத்தால் சொல்லுங்க என்றுதான் சொல்கிறோம், அந்த 'எனக்கு' மட்டும் நம் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. நீங்கள் நலம் விசாரிக்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை.

"அ கியேன்? அ கியேன்?"

"அ லா நீஞா" என்றார். குழந்தைக்கு. நீங்கள் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். அவர் தொடர்ந்தார், கொஞ்ச நேரம்தான், இப்போது தானாக மூச்சு விடுகிறாள், தாய்க்கு ஒன்றும் இல்லை, தூங்குகிறாள். நான் வரிவரியாகச் சொல்லச் சொல்ல நீங்கள் தலையாட்டினீர்கள், அழுதீர்கள், பிறகு சிரித்தீர்கள். போனுக்குள் குழந்தை வீறிட்டது.

இருவரும் இறங்கி வந்தோம். கடைவாசலில் பாதத்துச் சேற்றைக் கழுவும்போதுதான் சொன்னீர்கள். "யாருக்குன்னு தெரியாம மேல ஏறினமே, அந்த வழியெல்லாம் என் மனசு ஒரு வேலை பண்ணுச்சுங்க டீச்சர். எம் புள்ளைக்கா இருக்கக் கூடாது, எம் புள்ளைக்கா இருக்கக் கூடாதுன்னே வேண்டுச்சு. அப்படின்னா என்ன அர்த்தம்? அந்தச் சிசுவுக்கு இருக்கட்டும்னுதானே? குழந்தைக்குன்னு அவிய சொன்னதும், ஒரு நொடி, அப்பாடான்னு இருந்துச்சுங்க. அந்த ஒரு நொடியை நெனைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது. காட்டுமாட்டைப் பாத்தப்பக்கூட இந்தப் பயம் வரலீங்க."

நான் ஆசிரியை. எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பேன். அன்று துண்டை எடுத்து உங்கள் காலைத் துடைத்துவிட்டேன். அந்தப் பேத்தியைப் பிறகு நீங்கள் கொண்டாடியதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பாசமாகத் தெரிந்திருக்கும். நீங்கள் அந்த ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி உங்களைக் கோத்தகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் மூடியை வைத்தார்கள். மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்த நேரம் சம்பந்தியம்மா எனக்குப் போன் செய்தார். எதைச் சொல்ல வேண்டியிருந்தது தெரியுமா? அதே வாக்கியம். லே ஆன் புவெஸ்தோ ஒக்ஸீஹெனோ. ஆனால் சொன்ன மூச்சிலேயே 'அ மி அமீகா' என்று சேர்த்தேன், என் தோழிக்கு. யாருக்கு என்று அந்த அம்மாளை ஒரு நொடிகூடத் தவிக்க விடக் கூடாது என்று இருந்தது. இப்போது தூங்குகிறார் என்றும் சொன்னேன்.

 பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "லே தா மியேதோ?"

பயமாக இருக்கிறதா? நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றி சுருக்கமில்லாமல் இருந்தது. "இல்லை. அ எல்யா நோ லே தா மியேதோ" என்றேன், அவருக்குப் பயமில்லை என்று. 'அ எல்யா'வை மறக்காமல் போட்டேன் என்று ஒரு சின்ன நிறைவுகூட அந்த நிலையிலும் வந்தது, வாத்தியார் புத்தி. அவர் "புவேனோ" என்றார். சரி என்று பொருள். வைத்துவிட்டார்.

மறுநாள் மகள் வந்து உங்கள் கையைப் பிடித்தார். நீங்கள் கடைசியாக ஒருமுறை கண் திறந்து பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அடுத்த வாரம் எனக்குக் கோயம்புத்தூரில் இருதயத்துக்கு ஒரு சோதனை. குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். அடைப்பு இருந்தால் அங்கேயே மேற்கொண்டு செய்வார்களாம். மேடேறினால் மூச்சு வாங்குகிறதே என்று நீங்கள் எத்தனை தடவை அதட்டியிருப்பீர்கள். பெங்களூரிலிருந்து மகன் பேசினான். "பயப்பட ஒண்ணுமில்லம்மா. இப்பல்லாம் சாதாரணம்." டாக்டரும் பயப்படாதீங்க என்றார். பால்காரர்கூடச் சொல்லிவிட்டார். அவர்கள் நல்லவர்கள், அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பயம் எனக்கு வந்துவிட்டதே அக்கா. ராத்திரி பகல் இல்லாமல் வருகிறது. உங்கள் கடைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது, நீங்கள் இருந்த மேல்வீட்டில் விளக்கு இல்லை. நான் கீழே விழுந்தால் சத்தம் கேட்பதற்கு ஆள் இல்லை. பயம் வேண்டாம் என்கிறார்கள் எல்லோரும். பயமா என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று இன்று மதியம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தேன்.

அந்த நினைப்பு முடிவதற்குள் தூக்கிவாரிப் போட்டது. கேட்டார்களே. ஒருவர் கேட்டாரே.

நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நான் சொன்ன பிறகுதான் சம்பந்தியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். தூங்குகிறவருக்குப் பயமா என்று யாராவது கேட்பார்களா? லே என்றால் அவளுக்கு. லே என்றால் உங்களுக்கும்தான். முதல் பாடத்திலேயே நான் உங்களுக்குச் சொன்னது அது. அவர் கேட்டது என்னை. மரியாதையோடு, எட்டாத தூரத்திலிருந்து, ஆஸ்பத்திரிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவளை. உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? நான் அந்தக் கேள்வியை வாங்கி உங்கள் கட்டில்மேல் வைத்துவிட்டேன்.

இன்றும் கரண்ட் இல்லை, வீட்டில் சிக்னல் இல்லை. அதனால்தான் மேல்வளைவுக்குப் போனேன். நின்று நின்றுதான் ஏறினேன். வாடை வந்தது, பிறகு பனிக்குள்ளிருந்து அந்த மூச்சு. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அது பயத்தாலா நோயாலா என்று பிரிக்கத் தெரியவில்லை. நீங்கள் செய்தது போலப் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். உங்களைப் போல அதனிடம் பேச வாய் வரவில்லை. அது போனதா, அங்கேயே நின்றதா என்றும் தெரியாது. கோடு ஏறியதும் சம்பந்தியம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். வாயில் வந்ததுதான், திருத்தவில்லை. 'நான் ஆஸ்பத்திரியில் இருந்த அன்று நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்' என்றேன். "ஸீ. அ மீ மே தா மியேதோ." ஆமாம், எனக்கு, எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மொழியில் எனக்கு என்பதை இரண்டு தடவை சொல்லலாம் அக்கா. அது பிழையில்லை. அழுத்திச் சொல்ல அப்படி ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

பனிக்குள் நின்று காத்திருந்தேன். போன் முனகியது. பின்னணியில் உங்கள் பேத்தி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா அதிகம் பேசவில்லை.

"அ மீ தம்பியேன்."

எனக்கும்தான்.

உங்கள் 'தம்பி, ஏன்?' ஞாபகம் வந்து அந்த இடத்தில், காட்டெருமை எங்கோ பக்கத்தில் மூச்சு விட, சத்தமாகச் சிரித்துவிட்டேன். பயம் போகவில்லை. அடுத்த வாரமும் அது என்னோடுதான் பஸ் ஏறும். ஆனால் வழியெல்லாம் போனில் இருக்கிறேன் என்று சம்பந்தியம்மா அடுத்த செய்தியில் சொல்லியிருக்கிறார். அவரோடு இனி 'தே' என்றே பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் விட்டுப்போனதில் நான் கையில் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான், யாருக்குங்க என்பது. அதை இனிமேல் எனக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்வேன்.

இந்த மடலை வேறு யாராவது வாசிக்க நேர்ந்தால், அவர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி. நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை அடுத்த முறை பார்க்கும்போது, பயப்படாதீர்கள் என்று சொல்லாதீர்கள். "உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேளுங்கள். 'உங்களுக்கு' என்பதை அழுத்திக் கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் பக்கத்தில் இருங்கள்.